கல்லூரிக் குளத்தின் பத்தொன்பது நாட்கள்

இந்த அறையில் குளிர்சாதனம் காகிதத்துக்காக ஓடுகிறது, அதனால் இருபத்திரண்டு டிகிரி, என் முழங்காலை யாரும் கேட்கவில்லை. ஆவணக்காப்பகப் பெண் ரிஸ்வானா பாவம், ஒரு சால்வையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டுவிட்டு, "போத்திக்கோங்க சார், நான் ஸ்கேன் ரூம்ல கொஞ்சம் வேலையை முடிச்சிட்டு வந்துருதேன், அந்தத் தாளை மட்டும் நிரப்பி வையுங்க" என்று சொல்லிப் போனாள், போய் அரைமணி ஆகிறது, தாளில் ஐந்து கட்டம், நான்கை நிரப்பிவிட்டேன். ஆவணத்தின் பெயர்: குளத்து நோட்டு, 1983–84. அளவு எடுத்தவர்கள்: வேலாயுதபெருமாள், ஹெப்சிபா. இடம்: கல்லூரிக் குளம், விடுதிக்குப் பின்புறம். காலம்: ஜூலை முதல் ஜூன் வரை, நாள்தோறும் காலை ஏழு மணி. ஐந்தாவது கட்டம், பயன்படுத்திய கருவி. வெப்பமானி என்று ஐந்து எழுத்து எழுதினால் தீர்ந்தது, ஒரு மனிதன் முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்து, துறைத் தலைவராக இருந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கிறான், ஐந்து எழுத்து எழுத அரைமணியா. கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி அடித்திருக்கிறார்கள், மேற்கண்ட அளவுகள் யாவும் மேற்கண்ட கருவியால் எடுக்கப்பட்டவை என உறுதி கூறுகிறேன், கையொப்பம், தேதி. அந்த 'யாவும்' இல்லாமல் இருந்தால் எழுதியிருப்பேன். யாவும் என்று கேட்டால் நான் என்ன செய்வது. பேனாவை மூடி வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறேன், மூன்றாவது தடவை துடைக்கிறேன், கண்ணாடியில் ஒன்றுமில்லை.

நோட்டு எதிரே இருக்கிறது, தொடுவதற்கு ரிஸ்வானா ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்திருக்கிறாள், நானும் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த பேண்டு வாத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இந்த நோட்டைக் குளத்துப் படியில் குப்புறப் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், மழையில் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறேன், இப்போது கையுறை. முழுக்கப் பென்சில் எழுத்து. மை கூடாது, தண்ணீர் பட்டால் கரையும், அது எங்கள் வழிகாட்டி எபனேசர் சாரின் சட்டம். அழிப்பதும் கூடாது, தவறு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதி இனிஷியல் போட வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். தலையில் ரப்பர் வைத்த பென்சிலோடு யாராவது ஆய்வுக்கூடத்துக்குள் வந்தால் பென்சிலை வாங்கி ரப்பர்த் தலையைப் பிளேடால் வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார், முகத்தில் ஒரு கோபமும் இருக்காது, நகம் வெட்டிவிடுகிற மாதிரி செய்வார். ஒற்றைப்படைத் தேதி என் கையெழுத்து, இரட்டைப்படை ஹெப்சிபா. என் எழுத்து கோழி கிளறினது. அவள் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள், ஏன் என்று கேட்டதற்கு ஒன்றோடு குழம்பாமல் இருக்க என்றாள், உங்க ஒன்றும் ஏழும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு பெருமாள் என்றாள். அந்தக் குறுக்குக் கோடு இப்போதும் இருக்கிறது, மங்காமல், நாற்பது வருஷம் கழித்து. பென்சில்தான் நிற்கும் என்று சார் சொன்னது சரிதான். நின்றுவிட்டதுதான் இப்போது என் தலைவலி.

சுற்றிலும் அலமாரிகள், எழுந்து நடந்தால் முழங்கால் கொஞ்சம் இளகும். கல்லூரியின் வயிற்றுக்குள் வந்த மாதிரி இருக்கிறது, எதையெல்லாம் வைத்திருக்கிறார்கள். விடுதி உணவுக் குழுவின் கூட்டக் குறிப்புகள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை புளிக்குழம்பை நிறுத்தக் கோரி ஒருமனதாகத் தீர்மானம், அடுத்த பக்கத்தில் அதே தீர்மானம், அதற்கடுத்த பக்கத்திலும், நான் விடுதியில் இருந்த காலம் வரைக்கும் செவ்வாய்க்கிழமை புளிக்குழம்புதான். தாவரவியல்காரர்கள் தாளில் ஒட்டிவைத்த செடிகள், ஒரு தும்பை, பூ இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தமிழ்த்துறை முத்துவிழா நாடக நோட்டீஸ், அதில் நான் சேவகன், ஒரே வசனம், அதையும் மறந்தேன். இயற்பியல்காரர் ஒருவர் கோயில் மணியோசையைப் பற்றி எழுதிய ஆய்வேடு, தராசு பிடிக்காமல் சந்தை வியாபாரிகளின் கண்ணளவைச் சோதித்த பொருளியல் ஆய்வேடு, தாமிரபரணிப் படித்துறைகளின் பெயர்கள், பனையேறிகளின் இடுப்பு வலி, கணிதத்தில் எனக்குத் தலைப்பே புரியாத எட்டு. எல்லாம் கறுப்புக் காலிகோ அட்டை, முதுகில் பொன் எழுத்து, உள்ளே தட்டச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒருத்தன் மூன்று நான்கு வருஷம் கொடுத்திருக்கிறான், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறான், அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான், வாய்மொழித் தேர்வு அன்று யாரிடமாவது கடன் வாங்கிய கோட்டைப் போட்டிருக்கிறான். இதையெல்லாம் யார் படித்தார்கள் என்று கேட்டால் பாவம், அட்டை கட்டினவனும் தட்டச்சு செய்தவளும். விலங்கியல் மூன்றாவது தட்டு. என்னுடையது தடி, தவளைகளின் குடல். அதற்கு இரண்டு தள்ளி மெல்லியதாக ஒன்று, ஹெப்சிபா, எம்.ஃபில்., 1984. கையை நீட்டினேன், எடுக்கவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். அதை எடுத்துப் பார்க்கிற தைரியம் இருந்தால் ஐந்தாவது கட்டத்தையும் நிரப்பியிருப்பேனே.

உடைத்தது நான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், யாரிடம் சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், உடைத்தது நான், அவள் இல்லை. மார்ச் பன்னிரண்டு, திங்கட்கிழமை, ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது, மூன்றாவது படியில் பாசி, கால் வழுக்கியது, என்னைப் பிடித்துக்கொள்வதா வெப்பமானியைப் பிடித்துக்கொள்வதா என்று யோசிப்பதற்குள் இரண்டும் போயின. சாருடைய வெப்பமானி அது, ஒரு முழ நீளம், அவர் எங்கோ வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது அவருடைய ஆசிரியர் கொடுத்தது, பித்தளைக் கூட்டுக்குள் வெல்வெட் துணி சுற்றி இருக்கும். பாதரசம் உருண்டு உருண்டு படியின் விரிசலுக்குள் போனது, நான் விரலால் துரத்தினேன், ஹெப்சிபா "விடுங்க பெருமாள், அது வராது" என்றாள். அவள் ஜூலையில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட விடுபடாத அளவு என்பதுதான் அதன் பெருமையே, தலைப்பிலேயே 'தொடர்' என்று இருந்தது. சார் அந்த வாரம் எங்களிடம் சரியாகப் பேசவில்லை, அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார், அந்த நேரத்தில் இதைக் கொண்டுபோய் எப்படி நிற்பது. நான்தான் சொன்னேன், யோசனையும் என்னுடையதுதான். "கையை விட்டுப் பாத்துச் சொல்லிருவோமா? எட்டு மாசமா தினமும் தொட்டுட்டுத்தானே இருக்கோம்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இன்றுவரை தெரியாது, திட்டா சிரிப்பா. பிறகு வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

பத்தொன்பது நாள். மதுரையிலிருந்து அவளுடைய சித்தப்பா மகன் அதே நீளத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வருகிற வரைக்கும். சாருடைய அறை ஜன்னல் குளத்தைப் பார்த்து இருந்ததால் காலிக் கூட்டைத் தினமும் கொண்டுபோனோம், திறந்தோம், வெல்வெட்டைப் பிரித்தோம், ஒன்றுமில்லாததை எடுத்துத் தண்ணீரில் விட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இருவரும் ஒரே படியில் உட்கார்ந்து, நடுவில் ஒரு சாண் விட்டு, ஆளுக்கொரு கையைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்ணுவோம். எண்ணி முடித்ததும் ஒருவர் நினைத்தது மற்றவருக்குத் தெரியாமல் துண்டுத் தாளில் எழுதி மாற்றிக்கொள்வோம், இரண்டையும் கூட்டிப் பாதி, அது நோட்டில் ஏறும். பித்தலாட்டத்திலும் ஒரு ஒழுங்கு, விஞ்ஞானிகள் அல்லவா. நூறு எண்ணுகிற அந்த நேரம். விடுதி அடுக்களையில் இட்லிச் சட்டி இறக்குகிற சத்தம், எதிர்க்கரையில் ஒரு முக்குளிப்பான் பறவை முங்கினால் எங்கே எழும்பும் என்று தெரியாது, அவள் உதடு அசைவது, அறுபத்தொன்று அறுபத்திரண்டு. நான் கண்ணை மூடாமல் ஏமாற்றினேன். தண்ணீருக்குள் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பச்சையாகத் தெரியும், சின்ன மீன்கள் வந்து இரண்டையும் ஒன்றுபோலக் கொத்தும். தொட்டதில்லை, ஒரு நாளும் தொட்டதில்லை, நான் சத்தியம் செய்வேன், தொட்டிருந்தால் எனக்குத் தெரியாதா. எழுபது வரும்போது எனக்கு வருத்தமாக ஆகிவிடும், நூறு வந்துவிடுமே என்று. ஆசையாகத்தான் இருந்தேன் அவள்மேல், அதை என்ன சுற்றி வளைப்பது, ஊமை கண்ட கனவு, வெளியே வரவில்லை. முப்பதாம் தேதி மதியம் புதிய வெப்பமானி வந்தது. அன்று எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செல்போன் அதிர்கிறது, வீட்டுக்காரி சண்முகவடிவு. "சாப்பிட வருவியளா, இல்ல அங்கேயே ஆபீஸ் குடுத்து உக்கார வச்சிட்டாங்களா?" வருகிறேன் என்றேன். "குளிருதா? குரலே சரியில்ல. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்லா." சால்வை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "எவ சால்வையோ" என்று சிரித்துவிட்டு வைத்தாள். நல்ல மனுஷி, முப்பத்தைந்து வருஷம், ஒரு குறையும் சொல்ல முடியாது, அவளுக்கும் இந்தக் குளத்துக்கும் சம்பந்தமில்லை. குளத்துக்கும் குளத்துக்குமே இப்போது சம்பந்தமில்லை, தொண்ணூற்றாறில் மண் அடித்து மூடி உள்விளையாட்டரங்கம் கட்டிவிட்டார்கள், நான் அப்போது கட்டடக் குழுவில் உறுப்பினர், கையெழுத்துப் போட்டேன், அதுவும் இந்த அறையில் எந்தக் கோப்பிலாவது இருக்கும். அதனால்தான் ரிஸ்வானாவுக்கு இந்த நோட்டு தங்கம். நாற்பது வருஷத்துக்கு முன் இந்த ஊர்க் குளம் ஒன்று எவ்வளவு சூடாக இருந்தது என்று நாள்வாரியாக வேறெங்கும் கிடையாதாம், இப்போதிருக்கிற குளங்களோடு வைத்துப் பார்த்து ஆய்வேடு எழுதுகிறாள், ஆவணக்காப்பக வேலைக்கு நடுவே. அந்தப் பெண் மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஐந்து குளத்தில் காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி அளவு எடுத்துவிட்டு, ஒன்பதரைக்கு இங்கே கையெழுத்துப் போடுகிறாள். அவளுடைய ஐந்து குளத்துக்கு நடுவே என் கை.

சொல்லாவிட்டால் அவள் கட்டுவது மணலில் கட்டின வீடு. சொன்னால் ஹெப்சிபா. என் பெயர் போகட்டும், எனக்கு இனிமேல் யார் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். ஆனால் ஹெப்சிபாவின் எம்.ஃபில். இந்த நோட்டின்மேல்தான் நிற்கிறது, அந்தப் பட்டத்தோடுதான் ஜாம்பியாவுக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் வாத்தியாராக இருந்தாள், திரும்பி வந்து கோயம்புத்தூரில் தலைமை ஆசிரியையாக இருந்தாள். போன வருஷம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் வந்தது, கீழே கூப்பிய கைகள் இருபது முப்பது. நரைத்த தலை, கண்ணாடி, எனக்கு அடையாளமே தெரியவில்லை, பெயரைப் படித்துவிட்டுத்தான். நானும் ஒரு கூப்பிய கையைப் போட்டேன், பிறகு மொட்டைமாடிக்குப் போய் ரொம்ப நேரம் நின்றேன். செத்துப்போனவள் வந்து பதில் சொல்ல முடியுமா, யோசனை பெருமாளுடையது, நான் வேண்டாம் என்றுதான் பார்த்தேன் என்று. இணையத்தில் ஏற்றப்போகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவள் பேரன் பார்க்கலாம், பொய்யாக எழுதியவர்கள் இருவர் என்று. அப்படியானால் வெப்பமானி என்று எழுதிவிடு, ஐந்து எழுத்து. எழுதினால் ரிஸ்வானா. எழுதாவிட்டால் ஹெப்சிபா. முக்குளிப்பான் முங்கி முங்கி அதே இடத்தில் எழும்புகிறது. இதில் இன்னொன்று, அசிங்கமானது, அதையும் சொல்லிவிடுகிறேன், இந்த அறையில் என்னைத் தவிர யாருமில்லை. அந்தப் பத்தொன்பது நாள் பொய் என்று ஆகிவிட்டால் அவை போய்விடும், அடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பத்தொன்பது எண்கள் வேண்டும். இருபத்தாறரை, இருபத்தாறே முக்கால், இருபத்தேழு, குறுக்குக் கோடு போட்ட ஏழு. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது, உலகத்தில் அதற்கு வேறு சாட்சி இல்லை.

கதவு திறந்து ரிஸ்வானா வருகிறாள், கையில் இரண்டு காகிதக் கோப்பை, தேநீரை வெளியிலேயே வைத்துவிட்டு, "உள்ள குடிக்கக் கூடாது சார், வராண்டாவுக்கு வாங்க" என்கிறாள், பிறகு தாளைப் பார்க்கிறாள். "கருவி மட்டும் விட்டுட்டீங்களே." நான் எழுந்து நிற்கிறேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறேன். கையுறையைக் கழற்றி மேஜையில் வைக்கிறேன். "அம்மா, மார்ச் பன்னெண்டுலேர்ந்து முப்பது வரைக்கும் உள்ளதை நீ எடுத்துக்கக் கூடாது. வெப்பமானி உடைஞ்சு போச்சு. நான்தான் உடைச்சேன். கையை விட்டுப் பாத்துக் குத்துமதிப்பா எழுதினோம். யோசனை என்னோடது, அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல." சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம், சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் முகம் மாறவில்லை, என்னைப் புரியாமல் பார்க்கிறாள்.

"அது தெரியும் சார். அந்தப் பத்தொன்பது நாளை நான் முதல்லயே விட்டுட்டேன். மத்த நாளுக்குத்தான் கேட்டேன், உடையறதுக்கு முன்னாடி என்ன மேக், அப்புறம் வந்தது என்ன மேக்னு."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறேன், கேட்டேனா தெரியவில்லை, கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் பதில் சொல்கிறாள். "ஹெப்சிபா மேடம் ஆய்வேட்டுலயே எழுதிருக்காங்கல்லா, இருபத்துமூணாம் பக்கம். நீங்க பாத்திருப்பீங்களே சார். உங்க பிஎச்.டி.ல அதை மேற்கோள் நூல் பட்டியல்ல போட்டிருக்கீங்களே." போட்டிருக்கிறேன். பட்டியலில் நூற்று எண்பது போட்டேன், எல்லாரும் போடுவதுதான், அடுத்த அறை ஆய்வேடுகளை எல்லாம் அலமாரியில் முதுகைப் பார்த்தே எழுதிக்கொள்வோம், தலைப்பு, பெயர், வருஷம். அவளுடையதை வேண்டுமென்றே திறக்கவில்லை, திறந்தால் அந்தப் பத்தொன்பது பொய்யும் தட்டச்சில் வரிசையாக நிற்கும் என்று பயந்தேன், என்னால் அவள் செய்த பாவம் என்று நினைத்துக்கொண்டேன், நினைவிலிருந்த தலைப்பை மட்டும் எழுதிக்கொண்டேன். ரிஸ்வானா மூன்றாவது தட்டிலிருந்து மெல்லியதை எடுத்து வந்து, இருபத்துமூன்றைத் திறந்து என் முன்னால் வைக்கிறாள்.

ஆங்கிலத்தில், தட்டச்சில், நிதானமாக. மார்ச் பன்னிரண்டு முதல் முப்பது வரை, வெப்பமானி உடைந்துபோனதால், நீரின் வெப்பம் கையால் தொட்டு மதிப்பிடப்பட்டது. மதிப்பிட்டவர்கள் இந்த ஆய்வாளரும் திரு. வேலாயுதபெருமாளும். இம்மதிப்புகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. யார் உடைத்தது என்று இல்லை. தலைப்பைத் திருப்பிப் பார்க்கிறேன், 'தொடர்' இல்லை, பொன் எழுத்தில் முதுகிலேயே இல்லை, அதைக்கூட நான் பார்க்கவில்லை, என் பட்டியலில் 'தொடர்' என்றுதான் எழுதியிருப்பேன். கடைசியில் எபனேசர் சாரின் கையெழுத்து. அவருக்குத் தெரியும், அதற்குப் பிறகு நான்கு வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுபடியும் இருபத்துமூன்று. அந்தப் பத்திக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. திரு. வேலாயுதபெருமாள் எழுதிக்கொடுத்த மதிப்புகள் பத்தொன்பது நாட்களிலும் என்னுடையதைவிட அரை டிகிரி குறைவாகவே இருந்தன. சூடான கைக்குத் தண்ணீர் அதிகக் குளிர்ச்சியாகத் தோன்றும். அவருடைய கை எப்போதும் சூடாக இருக்கும்.

எப்போதும். எபனேசர் சார் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தேர்வாளர் படித்திருக்கிறார். ஏழு பிரதி தட்டச்சு செய்த பெண் படித்திருக்கிறாள். ஒரு சாண் என்று நான் அளந்து வைத்திருந்தேனே, தொட்டதேயில்லை என்று சத்தியம் செய்தேனே, அவளுக்கு எப்படித் தெரியும், துண்டுத் தாளை மாற்றிக்கொண்டபோதா, நான் வழுக்கி விழுந்தபோது அவள் என்னைத் தூக்கிவிட்டாளா, தூக்கிவிட்டிருக்க வேண்டும், நான் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிறேன் என்று நினைக்கிறேன். ரிஸ்வானா புத்தகத்தை மெல்ல என்னிடமிருந்து நகர்த்தி வைக்கிறாள், தாளில் ஈரம் படக் கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதை யாராவது எடுத்துப் படித்திருக்கிறார்களா என்று கேட்கிறேன்.

பின் அட்டையைத் திறந்து, ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்கிறாள். "நான்தான் சார் முதல் ஆள்."

"என் பேரை ரெண்டாவதா எழுதிக்கம்மா" என்று சொல்லி, கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறக்கிறேன்.